காடும் கடலும் கணினியில்: பிள்ளைகளுக்கு விலங்கு விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஆரம்பிப்பது எப்படி

பிள்ளைக்கு விலங்குகள் என்றால் உயிர், கணினி என்றாலும் உயிர், சரி, இரண்டையும் சேர்த்து நல்லதாக ஏதாவது கொடுக்கலாமே என்று தேட ஆரம்பித்தால் முதல் பத்து நிமிடத்திலேயே தலை சுற்றிவிடும். முகப்பில் சிங்கமும் யானையும் பாண்டாவும் போட்ட விளையாட்டுகள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே சரக்குதான். பசுவைத் தொட்டால் அம்மா என்று கத்தும், சிங்கத்தைத் தொட்டால் கர்ஜிக்கும், சரியாகத் தொட்டால் நட்சத்திரம் கொட்டும். மூன்று வயதுக்கு அது போதும். ஐந்தைத் தாண்டிய பிள்ளைக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை, ஏனென்றால் அந்தப் பசு இருக்கும் இடத்தில் ஒரு காரையோ பழத்தையோ வைத்தாலும் அதே விளையாட்டு அப்படியே ஓடும்.

எதையும் தரவிறக்கும் முன்பு நான் செய்யும் சோதனையும் அதுவேதான். முதல் படியாக அதையே சொல்கிறேன்.

படி 1: விலங்கை எடுத்துவிட்டுப் பாருங்கள்

விலங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு ஏதாவது பொருளை வைத்தால் விளையாட்டு நிற்குமா, ஓடுமா? ஓடினால் விலங்கு அங்கே வெறும் ஒட்டுப்படம். நின்றுபோனால், அதாவது அந்த விலங்கு எதைத் தின்னும், எங்கே ஒளியும், எதற்குப் பயப்படும் என்று தெரியாமல் ஜெயிக்கவே முடியாது என்றால், அது பிள்ளையின் நேரத்துக்குத் தகுந்த விளையாட்டு.

இந்தச் சோதனையில் தேறுபவை எல்லாம் நேற்று வந்தவை என்று நினைக்க வேண்டாம். 1980களில் அமெரிக்கப் பள்ளிக் கணினிகளில் ஓடிய ‘ஓடெல் லேக்’தான் இன்றைக்கும் என் முதல் உதாரணம். மின்னசோட்டாவில் இருந்த ‘மெக்’ என்ற கல்விக் கணினி அமைப்பு அதைச் செய்தது. ஆரிகன் மாநிலத்தில் உண்மையிலேயே இருக்கும் ஓர் ஏரி, அதில் நீங்கள் ஒரு மீன். எதிரே இன்னோர் உயிர் வரும். அதைத் தின்பதா, விரட்டுவதா, கண்டுகொள்ளாமல் போவதா, ஆழத்துக்கு ஓடுவதா, ஆழமில்லாத பக்கம் ஓடுவதா என்று உடனே முடிவெடுக்க வேண்டும். மேலிருந்து பறவை பாயும்போது ஆழமில்லாத பக்கம் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். படம் என்று பார்த்தால் நாலைந்து நிறங்களும் சில கட்டங்களும்தான், ஆனால் உணவுச் சங்கிலி என்ற சொல்லே காதில் விழாமல் ஒரு பிள்ளைக்கு அது முழுசாகப் புரிந்துவிடும். மீனுக்குப் பதில் காரை வைத்தால் அங்கே விளையாட்டே இல்லை.

கடைப் பக்கத்தில் ‘கல்வி’ என்ற பிரிவில் இருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டைச் செய்தவர்களேதான். பெகி, ஈஎஸ்ஆர்பி போன்ற வயதுக் குறிகள் வேறு விஷயம். வன்முறை, பயமுறுத்தும் காட்சி, கெட்ட வார்த்தை இவற்றைப் பற்றி அவை சொல்லும், அதற்கு அவற்றை நம்பலாம். எதையாவது சொல்லித்தருமா என்பதை அவை பார்ப்பதில்லை.

படி 2: வயதையும் கருவியையும் முடிவு செய்யுங்கள்

இரண்டு வயதுக்குக் கீழே எதுவுமே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுக்கு உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்றும் இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு ‘ஜிகாம்ப்ரிஸ்’ என்ற இலவசத் தொகுப்பிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். இரண்டிலிருந்து பத்து வயதுவரை என்று வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன விளையாட்டுகள் அதில் இருக்கின்றன. விளம்பரம் கிடையாது, நிறுவிய பிறகு இணையம் இல்லாமலும் ஓடும். பண்ணை விலங்குகளுக்கு ஒன்று, உலக விலங்குகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. உலக விலங்குகளில் வரைபடத்தின் மேல் அந்தந்த இடத்தில் விலங்கு இருக்கும், தொட்டால் அதைப் பற்றிச் சொல்லும், அப்புறம் எது எங்கே என்று திரும்பக் கேட்கும். நான் சொன்ன சோதனையில் இது பாதிதான் தேறும். ஆனாலும் ‘எங்கே’ என்ற கேள்வி ஐந்து வயதிலேயே மனதில் விழுந்துவிடுகிறது, அது பெரிய விஷயம்.

கருவியைப் பொறுத்தவரை, பெரிய திரை உள்ள கணினி நல்லது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பார்க்க முடியும் என்பதற்காகவே. கைப்பேசியை ஒரு பிள்ளை தனியாகத்தான் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் பழைய பட்டியல்களைப் பார்த்துத் தேடினால் பாதி விளையாட்டு திறக்காது. அவை ஃப்ளாஷ் என்ற தொழில்நுட்பத்தில் செய்தவை, 2020 டிசம்பரோடு அதற்கான ஆதரவு நின்றுவிட்டது. உங்கள் கணினியில் கோளாறு ஏதும் இல்லை, அடுத்ததைப் பாருங்கள்.

படி 3: முதலில் நீங்கள் இருபது நிமிடம் விளையாடுங்கள்

இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து, இருபது நிமிடம் போதும். விளம்பரம் நடுவில் பாய்கிறதா, அடுத்த விலங்கைத் திறக்கக் காசு கேட்கிறதா, முகம் தெரியாதவர்களோடு அரட்டை அடிக்க வழி இருக்கிறதா, பிள்ளையின் பெயரும் மின்னஞ்சலும் கேட்கிறதா என்று பாருங்கள். அரட்டை இருந்தால் அமைப்புகளுக்குள் போய் அணைக்க முடிகிறதா என்று அப்போதே சோதித்துவிடுங்கள். வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி கருவியில் முன்பே வைத்துவிடுவது நல்லது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. விலங்கு விளையாட்டு உண்மையாக இருக்க இருக்க அதில் சாவும் வரும். வேட்டையாடும் விலங்கு இன்னொன்றைக் கொன்றுதான் தின்னும். உங்கள் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதனால் அந்தக் காட்சியை நீங்கள் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

படி 4: முயல்களிலிருந்து தொடங்குங்கள்

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே ஒரு தொடக்கம் சொல்லுங்கள் என்றால் ‘ஃபெட்’ தளத்தில் இருக்கும் இயற்கைத் தேர்வு மாதிரியைத்தான் சொல்வேன், அதாவது சூழலுக்குப் பொருந்தும் உயிர்கள் தப்பிப் பெருகுவதைத் திரையில் ஓட்டிக் காட்டுவது. ஃபெட் என்பது கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் ஆரம்பித்த திட்டம், இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் தொடங்கியது. எல்லாமே இலவசம், உலாவியிலேயே ஓடும். இந்த மாதிரி கல்லூரி வரைக்கும் பயன்படுவதுதான், ஆனால் முதல் பக்கத்தைச் சின்னப் பிள்ளையே இயக்கலாம்.

என் அக்கா மகனோடு உட்கார்ந்தபோது நடந்ததை அப்படியே சொல்கிறேன், அவனுக்கு எட்டு வயது. திறந்ததும் பழுப்பு நிலத்தில் ஒரே ஒரு வெள்ளை முயல். துணை சேர்க்கும் பொத்தானை அழுத்தினான், இரண்டானது. ஓட விட்டான். நான்கு, பத்து, அப்புறம் எண்ணவே முடியவில்லை, திரை முழுக்க முயல், கடைசியில் முயல்கள் உலகத்தையே பிடித்துவிட்டன என்று அறிவிப்பு வந்து நின்றுவிட்டது. “சித்தி, உலகம் பூரா முயலாயிடுச்சு!” என்று குதித்தான். “நிஜத்துல ஏன் அப்படி ஆகல?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், “யாராவது தின்னுடுவாங்க” என்றான்.

திரும்ப ஆரம்பித்து இந்த முறை ஓநாயை அவிழ்த்துவிட்டான். பழுப்பு நிலத்தில் வெள்ளை முயல்கள் பளிச்சென்று தெரிகின்றன அல்லவா, மளமளவென்று குறைந்தன. அவன் முகம் வாடிவிட்டது. பழுப்பு ரோமம் வருவதற்கான தேர்வைக் காட்டினேன். அடுத்தடுத்த தலைமுறைகளில் பழுப்பு முயல்கள் பெருகி, பக்கத்தில் ஓடும் வரைபடத்தில் ஒரு கோடு ஏறி இன்னொரு கோடு இறங்கியது. அப்புறம் நான் எதுவும் சொல்லாமலே அவனே நிலத்தைப் பனிப்பிரதேசத்துக்கு மாற்றினான். இப்போது பழுப்பு குறைய ஆரம்பித்தது. “அப்ப பழுப்பு நல்ல முயல் இல்லையா?” என்று கேட்டான். எது நல்லது என்பது முயலிடம் இல்லை, அது நிற்கும் தரையில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லித்தருவது என்று எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் வாழிடம் என்ற சொல்லுக்கு அவனிடம் ஒரு பொருள் வந்துவிட்டது.

உங்களுக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு விஷயங்களைச் செய்யுங்கள். பொத்தானை நீங்கள் அழுத்தாதீர்கள், பிள்ளையே அழுத்தட்டும், முயல்கள் அழிந்தாலும் பரவாயில்லை. விளக்கத்தை முன்னால் சொல்லாதீர்கள். ‘ஏன் அப்படி ஆச்சு’, ‘இதை மாத்தினா என்ன ஆகும்னு நினைக்கிற’ என்ற இரண்டு கேள்விகள் போதும்.

பிறகு கேட்டால் ஸ்னோஷூ முயலைப் பற்றிச் சொல்லுங்கள். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் வாழ்வது, கோடையில் பழுப்பாகவும் குளிர்காலத்தில் வெள்ளையாகவும் மாறும். அந்த மாற்றத்தைத் தூண்டுவது பகல் நேரத்தின் நீளம். அதனால் பனி தாமதமாக விழுந்தால் பழுப்புத் தரையில் வெள்ளை முயலாக மாட்டிக்கொள்ளும். திரையில் பார்த்த அதே காட்சி வெளியிலும் நடக்கிறது என்று தெரியும்போது பிள்ளையின் கண் விரிவதைப் பார்க்க வேண்டும்.

படி 5: பெயரைத் தமிழில் சொல்லுங்கள்

இந்த விளையாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதைத் தடையாக நினைக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் தமிழ்ப் பெயரைச் சொன்னால் அதிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. மீன்கொத்தி, மரங்கொத்தி என்றால் அது என்ன செய்யும் என்பது பெயரிலேயே வந்துவிட்டது. நீர்நாய், கடற்பசு என்றால் எங்கே இருக்கும் என்பது வந்துவிட்டது. வரையாடு என்பதில் ‘வரை’ என்றால் மலை, எனவே ஆடு எங்கே நிற்கும் என்று கேட்டால் பிள்ளையே மலை என்று சொல்லிவிடும். நிலத்தையும் அதன் விலங்கையும் சேர்த்தே பார்ப்பது நம் மொழிக்குப் புதிதல்ல, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்தாகப் பிரித்தபோதே ஒவ்வொன்றுக்கும் அதனதன் மரமும் பறவையும் விலங்கும் இருந்தன. எல்க் போன்றவற்றுக்குத் தமிழில் பெயர் இல்லை, எல்க் மான் என்று சொல்லிவிட்டுப் போங்கள், போதும்.

ஒரு நோட்டும் சுவரில் ஓர் உலக வரைபடமும் இருந்தால் நல்லது. விளையாட்டில் சந்தித்த விலங்கைப் பிள்ளையே வரைந்து, அது வாழும் இடத்தில் ஒட்டட்டும்.

படி 6: தப்புகளைச் சேர்ந்து பிடியுங்கள்

நல்ல விளையாட்டிலும் தப்பு இருக்கும். பனிக்கரடியும் பென்குயினும் ஒரே பனிக்கட்டியில் நிற்கும் படம் எத்தனை விளையாட்டில் வருகிறது! பனிக்கரடி வாழ்வது வட துருவப் பக்கம், பென்குயின்கள் ஏறக்குறைய எல்லாமே தென்பாதி உலகத்தில். கலாபகோஸ் பென்குயின் மட்டும் நிலநடுக்கோட்டைக் கொஞ்சம் தாண்டி வடக்கே வரும். நாமே பழக்கத்தில் காட்டுக்கு ராஜா சிங்கம் என்கிறோம், ஆனால் சிங்கங்கள் பெரும்பாலும் இருப்பது புல்வெளியிலும் திறந்த புதர்நிலத்திலும்தான், அடர்ந்த மழைக்காட்டில் அல்ல.

விளையாட்டில் இருக்கும் விதி எவ்வளவு தூரம் வீட்டுக்குள் வரும் என்பதற்கு மைன்கிராஃப்ட் ஒரு நல்ல உதாரணம். 2017இல் அதில் கிளிகளைச் சேர்த்தபோது சோதனைப் பதிப்பில் குக்கீ கொடுத்துக் கிளியைப் பழக்கலாம் என்று விதி இருந்தது. அந்த குக்கீயில் சாக்லேட் உண்டு, சாக்லேட் நிஜக் கிளிக்கு விஷம். விளையாடும் பிள்ளை வீட்டுக் கிளிக்கும் அதைக் கொடுத்துவிட்டால் என்ன ஆவது என்று பலர் எடுத்துச் சொன்னார்கள். விதியை மாற்றிவிட்டார்கள், இப்போது கிளி பழகுவது விதைக்குத்தான், குக்கீ கொடுத்தால் செத்துவிடும். இந்தக் கதையைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். விளையாட்டைச் செய்பவர்களும் தப்பு செய்வார்கள், கேட்டால் திருத்துவார்கள் என்று தெரிந்த பிள்ளை அப்புறம் எதைப் பார்த்தாலும் ‘இது நிஜமா’ என்று கேட்க ஆரம்பிக்கும்.

படி 7: அடுத்து என்ன

பத்து வயதுக்கு மேலே என்றால் ‘வுல்ஃப்குவெஸ்ட்’. மின்னசோட்டா உயிரியல் பூங்காவும் சேர்ந்து உருவாக்கி 2007இல் வந்தது, இப்போது புதுப்பித்த பதிப்பு விலைக்குக் கிடைக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நீங்கள் ஓர் ஓநாய். மோப்பம் பிடித்துப் போக வேண்டும், துணை தேட வேண்டும், எல்லை குறிக்க வேண்டும், குட்டிகளை வளர்க்க வேண்டும். எல்க் மானைத் துரத்தினால் உதை விழும், பெரும்பாலான வேட்டை தோல்வியில்தான் முடியும். அந்தத் தோல்விதான் இந்த விளையாட்டின் அருமை என்பேன், வேட்டை விலங்கு என்றால் நினைத்தபோது நினைத்ததைத் தின்னும் என்ற எண்ணம் ஒரே நாளில் போய்விடும். இங்கே சாவு வரும் என்று முன்பே பேசிவிடுங்கள், தனியாக விளையாடும் வகையில் ஆரம்பியுங்கள். அந்தப் பூங்காவில் 1926இல் ஓநாய்களைக் கொன்று தீர்த்ததையும், 1995இல் கனடாவிலிருந்து 14 ஓநாய்களைக் கொண்டுவந்து மறுபடி விட்டதையும் சேர்த்துச் சொன்னால் விளையாட்டுக்குப் பின்னால் ஒரு நிஜக் கதை இருப்பது தெரியும்.

வேட்டை வேண்டாம் என்றால் 2020இல் வந்த ‘ஆல்பா’. ஒரு சிறுமி தீவு முழுக்க நடந்து விலங்குகளையும் பறவைகளையும் படமெடுத்து அடையாளம் காண்பாள், காப்புக்காட்டில் ஹோட்டல் கட்ட வருபவர்களுக்கு எதிராகக் கையெழுத்து வாங்குவாள். அவசரமே இல்லாத விளையாட்டு. இசை பிடித்த பிள்ளைக்குக் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ‘பீஸ்ட்பாக்ஸ்’, நிஜ விலங்குகளின் குரலை அடுக்கித் தாளம் போடுவது. உயிரியல் பூங்கா கட்டும் விளையாட்டுகளில் தரையும் மரமும் பாறையும் விலங்குக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பவை நல்லவை, காசு சேர்ப்பது மட்டுமே வேலை என்றால் விட்டுவிடலாம்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது ‘ஜூனிவர்ஸ்’ தளம். விளையாட்டு மாதிரிதான், ஆனால் வேலை நிஜம். அதில் 2012இல் ஆரம்பித்த செரெங்கெட்டி திட்டத்துக்காக தான்சானியாவின் புல்வெளியில் 225 தானியங்கிக் கேமராக்களை வைத்தார்கள், ஏதாவது அசைந்தால் படமெடுக்கும். அந்தப் படத்தில் இருப்பது எந்த விலங்கு, எத்தனை, என்ன செய்கிறது என்று நாம் குறித்துக் கொடுக்க வேண்டும். அக்காவின் பெரிய மகளோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்தேன், அவளுக்குப் பதினொன்று. முதல் படத்தில் புல். இரண்டாவதிலும் புல். காற்றில் ஆடும் புல்லுக்கும் கேமரா கிளிக் செய்துவிடும். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று குறித்துக்கொண்டே போனாள். ஏழாவதோ எட்டாவதோ படத்தில், ஓரத்தில் ஒரு காதும் கோடு போட்ட கழுத்தும் மட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு “வரிக்குதிரை” என்று மெதுவாகச் சொன்னாள், சத்தம் கேட்டால் ஓடிவிடும் என்பதுபோல. தப்பாகக் குறித்துவிடுவோமோ என்று பயந்தாள், ஒரே படத்தைப் பலரிடம் காட்டித்தான் முடிவுக்கு வருவார்கள், ஒருவர் தப்பினாலும் பரவாயில்லை என்றேன். ஒரு திட்டத்தில் படங்கள் தீர்ந்திருந்தால் இதேபோல வேறு இடத்தின் கேமராப் படங்கள் அங்கேயே இருக்கும்.

படி 8: திரையை விட்டு வெளியே, திரும்பத் திரைக்கு

விளையாட்டில் அரை மணி நேரம் போனால் வெளியிலும் கொஞ்ச நேரம் போகட்டும். ‘சீக்’ என்ற செயலியைப் பூச்சியின் பக்கமோ இலையின் பக்கமோ காட்டினால் அது என்னவென்று சொல்லும், உறுதியாகத் தெரியாவிட்டால் எந்த உயிரினக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாவது சொல்லும், கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்கப் பதக்கம் கொடுக்கும். கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தலாம். எறும்பும் சிலந்தியும் மைனாவும் எங்கும் உண்டு, பெரிய காடு தேவையில்லை.

கடைசியாக, பிள்ளையே ஒன்று செய்து பார்க்கட்டும். எம்ஐடியில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட ‘ஸ்க்ராட்ச்’ இருக்கிறது, கட்டைகளை ஒட்டுவதுபோல நிரல் எழுதலாம். புல், மான், புலி என்று மூன்று எண்கள் போதும். புல் தானாக வளரும், மான் புல்லைக் குறைக்கும், புலி மானைக் குறைக்கும். முதல் முயற்சியில் எல்லாம் செத்துப்போகும், அல்லது மான் மட்டும் ஆயிரக்கணக்கில் நிற்கும். நீங்கள் திருத்திக் கொடுக்காதீர்கள். அக்கா மகன் மூன்று நாளாக அதில்தான் உட்கார்ந்திருந்தான், நான்காம் நாள் புல் வளரும் வேகத்தைக் கூட்டிவிட்டு, மூன்று எண்களும் ஏறி இறங்கி ஏறி இறங்கி நிற்காமல் ஓடுவதைக் காட்ட என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.